தலைகீழ் வகுப்பில் குழுவாகப் படிப்பது: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேரும் மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், இந்த முறையில் முதன்முறையாகப் பாடம் எடுக்கும் டியூட்டர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. எங்கள் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குழு வேலையைப் பற்றி மாணவர்கள் முணுமுணுப்பதில் பெரும்பகுதி நியாயமானது. ஆனால் அந்தக் குறைகளைக் கிளறிப் பார்த்தால், கூட இருந்தவர்களைவிடக் குழு அமைக்கப்பட்ட விதத்தில்தான் கோளாறு அதிகம் தெரியும்.

தலைகீழ் வகுப்பு என்றால் காணொளி பார்த்துவிட்டு வருவதுதானே?

அது முதல் பாதி மட்டும். விரிவுரையில் கேட்டிருக்க வேண்டியதை வீட்டிலேயே பார்த்தும் படித்தும் வருகிறீர்கள். முன்பு வீட்டுப்பாடமாக இருந்த கடினமான பகுதியை, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது வகுப்பில் செய்கிறீர்கள். இந்த இரண்டாம் பாதி இல்லாவிட்டால் அது வெறும் இணையப் பாடம்.

இதற்கு ஆங்கிலத்தில் ஃபிலிப்ட் கிளாஸ்ரூம் என்ற பெயர் பரவியது அமெரிக்காவின் கொலராடோவில் ஜோனதன் பெர்க்மன், ஏரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் 2007 வாக்கில் தங்கள் பாடங்களைப் பதிவுசெய்து கொடுக்கத் தொடங்கிய பிறகுதான். வழக்கம் அதைவிடப் பழையது. ஹார்வர்டில் எரிக் மசூர் 1991 முதல் இயற்பியல் வகுப்பில் மாணவர்களை ஒருவருக்கொருவர் விளக்கவைத்தார். ஆக்லஹோமா பல்கலைக்கழகத்தில் லேரி மைக்கேல்சன் 1970களின் கடைசியிலேயே குழுவை மையமாக வைத்து ஒரு முழு முறையை உருவாக்கிவிட்டார். அதைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது.

சிங்கப்பூரில் இது எங்கெல்லாம் நடக்கிறது?

மருத்துவப் படிப்பில் மிக ஆழமாக. டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி 2007இல் முதல் மாணவர் தொகுதியைச் சேர்த்ததிலிருந்தே ‘டீம்லீட்’ என்ற பெயரில் குழுவழிக் கற்றலை நடத்துகிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் மருத்துவக் கல்லூரியும் 2013இல் தொடங்கியபோது அதே வழியை எடுத்துக்கொண்டது. 2012இல் முதல் மாணவர்களைச் சேர்த்த சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் தொகுதி முழுவதும் ஒரே அறையில் குழுக்களாக உட்கார்ந்துதான் பெரும்பாலான பாடங்கள் நடக்கும். ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியின் பிரச்சினைவழிக் கற்றல் (ஒரு பிரச்சினையைக் குழுவாகத் தீர்த்தபடியே பாடத்தைக் கற்பது) இதற்குப் பங்காளி முறை. அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு வருபவர்களுக்குக் குழு மேசை புதிதாக இருக்காது.

கட்டடங்களும் மாறியிருக்கின்றன. நன்யாங்கில் 2015இல் திறந்த ‘தி ஹைவ்’ கட்டடத்தின் (டிம்சம் கூடை என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதுதான்) வகுப்பறைகளில் மூலையும் கிடையாது, ‘முன்வரிசை’ என்ற ஒன்றும் கிடையாது. எங்கே உட்கார்ந்தாலும் எதிரே நான்கு முகங்கள். பின்வரிசையில் ஒளிந்து பழகியவர்களுக்கு முதல் வாரம் சங்கடமாகத்தான் இருக்கும்.

“ஆசிரியர் பாடமே நடத்துவதில்லை, எல்லாம் நாங்களே படிக்கிறோம்” என்கிறாள் என் மகள். அப்புறம் கட்டணம் எதற்கு?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, உங்கள் மகள் சொல்வது உணர்வளவில் உண்மை. ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. மாணவர்களில் ஒரு பாதி நல்ல விரிவுரை கேட்டது, மறுபாதி அதே பாடத்தைக் குழுவாகக் கணக்குப் போட்டுக் கற்றது. பிறகு நடந்த தேர்வில் குழுவாகக் கற்றவர்களே அதிக மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் ‘எவ்வளவு கற்றதாக நினைக்கிறீர்கள்’ என்று கேட்டபோது, விரிவுரை கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். தெளிவான விரிவுரை கேட்கும்போது எல்லாம் புரிந்தது போலிருக்கும். தானே முட்டி மோதும்போது ஒன்றும் புரியாதது போலிருக்கும். மூளை அந்தச் சிரமத்தைத் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறது.

இரண்டு, ஆசிரியர் உண்மையிலேயே கைகழுவிவிட்ட வகுப்புகளும் உண்டு. கண்டுபிடிப்பது எளிது. நல்ல தலைகீழ் வகுப்பில் ஆசிரியர் மேசை மேசையாகச் சுற்றுவார், குழுக்கள் எங்கே தடுக்கி விழுகின்றன என்று கேட்பார், கடைசிப் பத்து நிமிடமாவது அந்தத் தவறுகளை எடுத்துப்போட்டு விளக்குவார். மோசமான வகுப்பில் மாணவர்கள் வாரந்தோறும் முறைவைத்துப் பாடத்தைப் படைப்பார்கள், ஆசிரியர் “குட்” என்பார், அவ்வளவுதான். உங்கள் மகள் இரண்டாவது வகையில் மாட்டியிருந்தால் அவள் குறை சொல்வது சரியே.

குழுவில் யாருக்குமே விடை தெரியாதபோது பேசி என்ன பயன்?

பயன் இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு இதைத்தான் சோதித்தது. மாணவர்கள் ஒரு கேள்விக்குத் தனியாக வாக்களித்தார்கள், பேசினார்கள், மறுபடி வாக்களித்தார்கள். பிறகு அதே கருத்தை வேறு உருவில் கேட்கும் இரண்டாம் கேள்விக்குத் தனியாகவே பதில் சொன்னார்கள். தொடக்கத்தில் ஒருவருக்கும் விடை தெரியாத குழுக்களிலும், இரண்டாம் கேள்வியில் சரியாகச் சொன்னவர்கள் அதிகமாக இருந்தார்கள். அதாவது, கெட்டிக்காரரைப் பார்த்துக் காப்பியடித்ததால் மட்டும் வந்த முன்னேற்றமில்லை.

எப்படி நடக்கிறது என்று ஒரு கேள்வியை வைத்துப் பார்க்கலாம். ஒரு நோய் நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. சோதனை, நோய் உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடிக்கும். நோய் இல்லாதவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் தவறாக ‘இருக்கிறது’ என்று காட்டும். ஒருவருக்கு ‘இருக்கிறது’ என்று வந்துவிட்டது. அவருக்கு உண்மையில் நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? 90, 81, 50, 9 விழுக்காடு என்று நான்கு தெரிவுகள்.

முதல் வாக்கில் மேசையில் இருவர் 90 என்பார்கள். ஒருவர் 90இலிருந்து 9ஐக் கழித்து 81 என்பார். நான்காமவர் ‘ஏதோ குறைவாக இருக்கணும்’ என்ற உள்ளுணர்வில் 50 என்பார். நால்வரும் தவறு. பேச்சு எங்கே திரும்புமென்றால், 90 சொன்னவரிடம் யாராவது “90 பேர் யாரில்? நோய் உள்ளவர்களிலா, ‘இருக்கிறது’ என்று வந்தவர்களிலா?” என்று கேட்கும் இடத்தில். அப்புறம் ஒருவர் தாளை எடுத்து 1,000 பேர் என்று வைத்துக்கொள்வார். நோயுள்ளவர் 10 பேர், அதில் 9 பேர் பிடிபடுவார்கள். நோயற்றவர் 990 பேர், அதில் ஏறக்குறைய 89 பேருக்குத் தவறான முடிவு. மொத்தம் 98 பேருக்கு ‘இருக்கிறது’ என்று வரும், உண்மையான நோயாளி 9 பேர்தான். விடை 9 விழுக்காடு. அந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் ‘பெரும்பான்மை 90 தானே’ என்று கை தூக்கியிருந்தால், ஐந்து நிமிடமும் வீண்.

அதனால் வாக்கெடுப்பில் பெரும்பான்மையை விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குறைவான பேர் சொன்ன விடைக்குத்தான் முதலில் காரணம் கேட்க வேண்டும்.

டியூட்டர்களுக்கு ஓர் அளவு: முதல் வாக்கில் சரியாகச் சொன்னவர்கள் 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் குழுப் பேச்சுக்கு விடுங்கள். இது மசூர் வழக்கப்படுத்திய எல்லை. 30க்குக் கீழே என்றால் கருத்தைக் கொஞ்சம் விளக்கிவிட்டு மறுபடி வாக்கெடுங்கள். 70க்கு மேலே என்றால் இரண்டு வாக்கியத்தில் விளக்கிவிட்டு நகருங்கள். எல்லாருக்கும் தெரிந்ததைப் பேசச் சொன்னால் கைப்பேசிதான் வெளியே வரும்.

வகுப்புக்கு முன் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? வேலை இரட்டிப்பாகிவிட்டதே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 4 யூனிட் (பாடச்சுமையின் அளவு) பாடம் ஒன்றுக்கு வாரம் 10 மணி நேர வேலை என்பது கணக்கு. வகுப்பு, தயாரிப்பு, ஒப்படைப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். வகுப்பில் 3 மணி நேரம் போனால், மீதி 7. அதில் முன்தயாரிப்புக்கு 2 முதல் 3 மணி நேரம் நியாயம். நான்கைந்து மணி நேரம் போகிறதென்றால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பழைய விரிவுரையை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் காணொளியையும் அடுக்கியிருக்கிறார்கள். அது ஒன்றரைப் பாடம். அப்படியிருந்தால் நீங்கள் செலவிட்ட நேரத்தை இரண்டு வாரம் குறித்துவைத்து டியூட்டரிடம் காட்டுங்கள். “ரொம்ப வேலை சார்” என்பதைவிட “மூன்றாம் வாரம் தயாரிப்புக்கு மட்டும் 4 மணி 40 நிமிடம்” என்பது காதில் ஏறும்.

காணொளியின் நீளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 40 நிமிடக் காணொளியை நிறுத்தி, குறிப்பெடுத்து, ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க 75 முதல் 90 நிமிடமாவது வேண்டும். எம்ஆர்டி ரயிலில் இரட்டை வேகத்தில் ஓடவிட்டால் ‘பார்த்தேன்’ என்ற டிக் மட்டும் விழும். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் இலட்சக்கணக்கான பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 6 நிமிடத்துக்கு மேல் போனால் மாணவர்கள் பார்ப்பது சரிகிறது என்று கண்டது. ஆகவே நீளமான காணொளியை நீங்களே துண்டு போடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு நிறுத்தி, திரையைப் பார்க்காமல் இரண்டு வரி எழுதுங்கள். எழுத வராத இடத்தைக் கேள்வியாக மாற்றிக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள். குழுவுக்கு நீங்கள் கொண்டுவரக்கூடிய மிகச் சிறந்த பொருள் அந்தக் கேள்விதான்.

நான் படித்து வருகிறேன், மற்றவர்கள் படிக்காமல் வருகிறார்கள். வகுப்பு நேரம் முழுக்க நான் அவர்களுக்கு டியூஷன் எடுக்கிறேன்.

மாணவர் குறைகளில் இதுதான் முதலிடம். நல்ல எண்ணத்தை நம்பி இதைத் தீர்க்க முடியாது. வகுப்பின் தொடக்கத்திலேயே தயாரிப்பைச் சோதிக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். மைக்கேல்சன் முறையின் உயிர்நாடி அதுதான்.

முதலில் தனித் தேர்வு. 10 கொள்குறிக் கேள்விகள், 10 முதல் 15 நிமிடம், புத்தகம் பார்க்கக்கூடாது. தாளை (அல்லது திரையை) மூடியதும் விடை சொல்லமாட்டார்கள். அதே 10 கேள்விகளைக் குழுவாக மறுபடி எழுத வேண்டும். இப்போது குழுவுக்கு ஒரு சுரண்டும் அட்டை தரப்படும். தேர்ந்தெடுத்த கட்டத்தைச் சுரண்டினால் சரியான விடைக்கு நட்சத்திரம் தெரியும். முதல் சுரண்டலிலேயே வந்தால் 4 புள்ளி, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1. இணையவழி நடத்தினாலும் இதே விதிதான். பிறகு, கேள்வியே தவறு என்று நினைக்கும் குழு ஆதாரத்தோடு எழுத்தில் முறையிடலாம். கடைசியாக, பெரும்பாலானோர் தடுமாறிய பகுதிக்கு மட்டும் ஆசிரியர் சிறு விளக்கம் தருவார்.

இரண்டு மதிப்பெண்ணும் கணக்கில் வருவதால், படிக்காமல் வந்தவர் முதலில் தனித் தேர்வில் அடி வாங்குகிறார். குழுத் தேர்வில் வாயைத் திறக்க ஒன்றுமில்லாமல் நான்கு பேர் முன்னால் உட்கார வேண்டியிருக்கிறது. இரண்டாவதுதான் அதிகம் உறைக்கும். மூன்றாம் வாரத்துக்குள் பெரும்பாலோர் படித்து வரத் தொடங்குவார்கள்.

இந்தச் சோதனை சொதப்பும் இடங்களும் உண்டு. மொத்த மதிப்பெண்ணில் 1 அல்லது 2 விழுக்காடு மட்டும் கொடுத்தால் யாரும் மதிக்கமாட்டார்கள். 40 விழுக்காடு கொடுத்தால் வாராவாரம் தேர்வுப் பதற்றம். கேள்விகள் ‘காணொளியில் எந்த நிமிடத்தில் எதைச் சொன்னார்’ என்ற வகையில் இருந்தால், குழுவில் விவாதிக்க எதுவும் மிஞ்சாது, நினைவாற்றல் உள்ளவர் சொல்வார், மற்றவர் சுரண்டுவார்.

உங்கள் பாடத்தில் இப்படி ஓர் ஏற்பாடே இல்லையென்றால், குழுவுக்குள் சிறிய விதி ஒன்று வையுங்கள். வகுப்புக்கு முந்தைய இரவு 10 மணிக்குள் ஒவ்வொருவரும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி போட வேண்டும். பதில் தேவையில்லை, கேள்வி மட்டும். படிக்காமல் கேள்வி கேட்பது கடினம், அதுதான் இதிலுள்ள சூட்சுமம்.

குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்? நண்பர்களோடு சேரலாமா?

வகுப்பில் ஒரு கணக்கைப் பேசித் தீர்க்க 3 அல்லது 4 பேர் போதும். செமஸ்டர் முழுக்க நீடிக்கும் குழுவுக்கு 5 முதல் 7 பேர் என்று மைக்கேல்சன் முறை சொல்கிறது. 7ஐத் தாண்டாதீர்கள். நான்கு பேருக்குள் 6 இணைகள்தான் பேச வேண்டியிருக்கும், ஏழு பேருக்குள் 21. அத்தனை பேருக்கும் ஒத்துவரும் சந்திப்பு நேரத்தைக் கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் உழைப்பு குறைவதைப் பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கெல்மன் கயிறிழுப்புச் சோதனையில் கண்டு 1913இலேயே எழுதிவிட்டார்.

நண்பர்களோடு சேர்ந்தால் முதல் வாரம் சுகமாகப் போகும், ஒன்பதாம் வாரம் வலிக்கும். வேலை செய்யாத நண்பரிடம் கண்டிப்பாகப் பேச முடியாது. எல்லாரும் ஒரே தொடக்கக்கல்லூரியிலிருந்து வந்திருந்தால் தெரிந்ததும் ஒன்றாக இருக்கும், தெரியாததும் ஒன்றாக இருக்கும். ஆசிரியரே கலந்து பிரிப்பது நல்லது: பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வந்தவர், தொடக்கக்கல்லூரியிலிருந்து வந்தவர், வெளிநாட்டு மாணவர் என்று. பிரித்த பிறகு நடுவில் மாற்றக்கூடாது. ஒரு குழு ஒழுங்காகச் சண்டைபோடக் கற்றுக்கொள்ளவே நான்கைந்து வாரம் பிடிக்கும்.

ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும். அதில் என்ன தவறு?

முடிந்துவிடும். கற்றிருக்கமாட்டீர்கள்.

ஐந்து பேர் ஐந்து பகுதியை எடுத்துக்கொண்டு, இரவு இரண்டு மணிக்கு ஒருவர் எல்லாவற்றையும் ஒட்டித் தைக்கிறார். மறுநாள் படைப்பின்போது இரண்டாம் பகுதியைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு நாலாம் பகுதிக்காரர் விழிக்கிறார். இரண்டாம் பகுதியில் எடுத்துக்கொண்ட அனுமானம் நான்காம் பகுதியில் பொய்யாகியிருக்கும், அதை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். தேர்வில் ஐந்தில் ஒரு பங்குதான் கைவசம்.

சிந்திக்கும் வேலையைப் பிரிக்காதீர்கள், செய்யும் வேலையைப் பிரியுங்கள். எல்லாரும் முதலில் 20 நிமிடம் தனித்தனியாக முழுக் கேள்விக்கும் கரடுமுரடாக ஒரு விடை எழுதுங்கள். பிறகு ஐந்து விடைகளையும் அருகருகே வைத்து, எங்கே வேறுபடுகின்றன என்று மட்டும் பேசுங்கள். முடிவெடுத்த பிறகு ஸ்லைடு செய்வது, வரைபடம் போடுவது, மேற்கோள் சரிபார்ப்பது ஆகியவற்றைத் தாராளமாகப் பங்கு போடலாம்.

டியூட்டர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ‘10 பக்க அறிக்கை எழுதுக’ என்றால் பிரித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம், மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. ‘இந்த மூன்று திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் அட்டையைத் தூக்கிக் காட்டுங்கள்’ என்றால் பிரிக்கவே முடியாது, பேசித்தான் ஆக வேண்டும்.

வேலையே செய்யாத ஒருவரை என்ன செய்வது?

காலம் முக்கியம். 13 வார செமஸ்டரில் 12ஆம் வாரம் வந்து புகார் சொன்னால் டியூட்டரால் ஏறத்தாழ ஒன்றும் செய்ய முடியாது. ஆதாரமும் இருக்காது, திருத்த அவகாசமும் இருக்காது. செமஸ்டர் நடுவில் வரும் ஒரு வார விடுமுறைக்கு முன்பே, அதாவது 6ஆம் வாரத்துக்குள், விஷயம் வெளியே வந்துவிட வேண்டும்.

இரண்டாம் வாரத்தில் அரைப் பக்க ஒப்பந்தம் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது கூடுவோம், செய்திக்கு எத்தனை மணி நேரத்துக்குள் பதில், வரமுடியாவிட்டால் எப்போது சொல்ல வேண்டும். பிறகு ஒருவர் தவறினால் முதல் செய்தி தனியாகப் போகட்டும், குழுவில் வேண்டாம். “ஏன் வேலை செய்யலை?” என்று தொடங்காமல் குறிப்பாகக் கேளுங்கள். “வியாழன் தர்றேன்னு சொன்ன மூணாவது பகுதி இன்னும் வரலை. ஞாயிறு ராத்திரிக்குள்ள முடியுமா, இல்ல வேற பகுதி எடுத்துக்கிறியா?” என்பது போல. ஆங்கிலத்தில் அனுப்பினாலும் உள்ளடக்கம் இதுவாக இருக்கட்டும். பாதி நேரம் காரணம் சோம்பலாக இருக்காது. பகுதிநேர வேலை, வீட்டில் யாருக்கோ உடல்நலமில்லை, அல்லது பாடமே புரியாமல் வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

இரண்டு முறை கேட்டும் நடக்காவிட்டால் டியூட்டருக்கு எழுதுங்கள். கூகல் டாக்ஸ் ஆவணத்தின் பதிப்பு வரலாறு, சந்திப்புகளின் தேதி, யார் வந்தார் என்ற குறிப்பு ஆகியவற்றை இணையுங்கள். குணத்தைப் பற்றி எழுத வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். அவருடைய பங்கை நீங்களே இரவோடிரவாகச் செய்துவிட்டுப் பிறகு புகார் சொல்வதுதான் மிக மோசமான வழி. ஆவணத்தில் எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும், பிரச்சினை இருந்ததே தெரியாது.

சக மாணவர் மதிப்பீடு என் மதிப்பெண்ணை எப்படி மாற்றும்?

பாடத்துக்குப் பாடம் மாறும், ஆனால் அடிப்படைக் கணக்கு இப்படி. ஐந்து பேர் குழு. ஒவ்வொருவரும் 40 புள்ளியை மற்ற நால்வருக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும், தனக்குப் போட்டுக்கொள்ளக்கூடாது. ஆளுக்குக் கிடைக்கும் சராசரி 40. குழுவின் அறிக்கைக்கு 70 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 44 புள்ளி வந்திருந்தால் அவர் காரணி 44ஐ 40ஆல் வகுத்தால் 1.1, மதிப்பெண் 77. 40 வந்தவருக்கு 70. 34 வந்தவருக்கு 0.85, மதிப்பெண் 59.5.

இது கடுமை என்று நினைக்கும் ஆசிரியர்கள் காரணியின் வர்க்கமூலத்தை எடுப்பார்கள். அப்போது 44 வந்தவருக்கு 73.4, 34 வந்தவருக்கு 64.5. எந்தக் கணக்கு என்பதை முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாருக்கும் பத்துப் பத்தாகப் போட்டுவிடுவது நம் ஊரில் சகஜம். யாரையும் ‘சாபோ’ பண்ண (மாட்டிவிட) வேண்டாமே என்ற எண்ணம். எல்லாரும் சமமாக உழைத்திருந்தால் சரி. இல்லையென்றால், அதிகம் உழைத்தவரிடமிருந்து எடுத்து உழைக்காதவருக்குக் கொடுத்ததாகத்தான் ஆகும். செமஸ்டர் நடுவில் மதிப்பெண் சேராத ஒத்திகை மதிப்பீடு ஒன்று வைத்தால், இறுதியில் நேர்மையாகப் போடும் துணிச்சல் வரும்.

பெல் கர்வ் (மாணவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுத் தரம் பங்கிடும் முறை) இருக்கும்போது நான் ஏன் மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

கியாசு (பிறரிடம் தோற்றுவிடுவோமோ என்ற பயம்) கேள்வி, ஆனால் நேர்மையான கேள்வி. 200 பேர் எடுக்கும் பாடத்தில் உங்கள் குழுவின் மற்ற நால்வர் 2 விழுக்காடுதான். அவர்கள் ஒரு படி ஏறினால் உங்கள் இடம் அசைவது அரிது. அவர்களுக்கு விளக்கும்போது உங்களுக்கே ஓட்டை தெரியவரும், குழு மதிப்பெண்ணும் ஏறும். 25 பேர் மட்டுமே உள்ள வகுப்பில், தரம் கண்டிப்பாகப் பங்கிடப்படுமானால், உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஒரு கையால் போட்டி போடவைத்து மறுகையால் கூடிப் படிக்கச் சொல்வது பாட அமைப்பின் முரண்பாடு. அத்தகைய பாடங்களில் குழு வேலைக்காவது நிலையான அளவுகோலில் மதிப்பெண் தர வேண்டும் என்பது எங்கள் கருத்து.

எனக்குக் குழுவில் பேசவே வரவில்லை. ஆங்கிலமும் ஒரு தயக்கம்.

முதலில் பேசுபவராக இருங்கள். கேட்க விபரீதமாக இருக்கும், ஆனால் நேரம் ஆக ஆகத்தான் நுழைவது கடினம். வீட்டில் எழுதிவந்த அந்த ஒரு கேள்வியை முதல் இரண்டு நிமிடத்துக்குள் படித்துவிடுங்கள். உச்சரிப்பையோ இலக்கணத்தையோ யாரும் கவனிக்கமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் அதே சந்தேகம் இருக்கும். குழுவில் மற்றவர்கள் செய்ய வேண்டியது, ‘யாருக்காவது ஏதாவது?’ என்று பொதுவாகக் கேட்காமல் சுற்றுமுறையில் ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுப்பது.

மேசையில் எல்லாரும் தமிழ் பேசுபவர்களாக இருந்தால் கடினமான கருத்தைத் தமிழில் அலசிவிட்டு விடையை ஆங்கிலத்தில் எழுதுவது நல்ல உத்தி. ஒருவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் வேண்டாம். அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதாகிவிடும்.

இன்னொன்று. தேசிய சேவை முடித்து வந்த 21 வயதுக்காரரை ‘அண்ணா’ என்று கூப்பிடப் பழகிவிட்டால், அவர் சொன்ன விடை தவறென்று தெரிந்தாலும் மறுக்க நாக்கு எழாது. வெளியே அண்ணாவாக இருக்கட்டும். குழு மேசையில் அவர் விடைக்கும் காரணம் கேளுங்கள்.

ஜூமில் குழுப் பேச்சு எடுபடுமா?

சிறிய குழுவாக இருந்தால். நான்கு பேருக்கு மேல் வேண்டாம், 12 நிமிடத்துக்குக் குறையவும் வேண்டாம், ஏனென்றால் முதல் இரண்டு மூன்று நிமிடம் மௌனத்திலும் ‘கேட்குதா?’விலும் போய்விடும். எல்லாரும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யும் பொது ஆவணம் ஒன்று திறந்திருக்க வேண்டும். அது இல்லாத பிரேக்அவுட் அறை (ஜூமில் பிரித்துவிடும் சிறு குழு அறை), கேமராவை அணைத்துவிட்டு மீ சியாம் சாப்பிடும் இடம்.

சாட்ஜிபிடியிடம் கேட்டுவிட்டால் குழுவே தேவையில்லையே?

ஐந்து பேரும் ஒரே கேள்வியைப் போட்டு ஒரே மாதிரி விடையோடு வந்தால் கருத்து வேறுபாடு இருக்காது, பேச்சும் இருக்காது. உங்கள் பாடத்தின் விதி அனுமதித்தால் வரிசையை மாற்றுங்கள். முதலில் தனியாக எழுதுங்கள், பிறகு குழுவாக முடிவெடுங்கள், கடைசியில் அதனிடம் கேட்டு அதன் விடையில் எங்கே பிழை என்று தேடுங்கள்.

நான் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கிறேன். குழுவாகக் கூட நேரமே கிடைப்பதில்லை.

சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் வேலை முடிந்து மாலை வகுப்புக்கு வருபவர்கள் ஏராளம், அங்கும் குழு ஒப்படைப்பு உண்டு. ஷிஃப்ட் வேலைக்காரர்கள் இருக்கும் குழுவில் நீண்ட சந்திப்பைத் தேடுவது வீண். வகுப்பு முடிந்ததும் கலையாமல் 20 நிமிடம் அங்கேயே உட்காருங்கள், எல்லாரும் ஒரே அறையில் இருக்கும் நேரம் அதுதான். மற்ற நாள்களில் முடிவெடுக்க வேண்டியதை மட்டும் ஆவணத்தில் கேள்வியாக எழுதி, 24 மணி நேரத்துக்குள் அவரவர் பதிலைக் கீழே எழுதுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை எனக்கு ஒத்துவரவில்லை என்று எப்போது, யாரிடம் சொல்வது?

செமஸ்டர் கடைசியில் நிரப்பும் கருத்துப் படிவம் அடுத்த ஆண்டு மாணவர்களுக்குத்தான் பயன்படும். 4ஆம் அல்லது 5ஆம் வாரத்தில் டியூட்டரிடமே சொல்லுங்கள். ‘குழு வேலை பிடிக்கவில்லை’ என்றால் அவரால் எதையும் மாற்ற முடியாது. தயாரிப்பு அதிகமா, குழு பெரிதா, கேள்வி எளிதாக இருந்து பேச எதுவும் இல்லையா, மதிப்பெண் முறையா, வகுப்பின் கடைசியில் விளக்கம் தராததா என்று ஒன்றைக் குறிப்பிடுங்கள். இவற்றில் கடைசியானதை அவர் அடுத்த வாரமே சரிசெய்துவிடலாம். மதிப்பெண் முறையை நடுவில் மாற்ற முடியாது, அதை மட்டும் படிவத்தில் எழுதுங்கள்.